பூட்டிய வீட்டின் முன்னே

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பங்கிலுள்ள இல்லங்கள் அனைத்தையும் சென்று சந்திப்பது நமது வழக்கம். குருப்பட்டம் பெற்ற புதிதில், முற்பகல் 10 மணிக்குப் புறப்பட்டோமானால் பகலுணவு வேளைக்குள் 15 வீடுகளை முடித்துவிடுவோம். எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு தாயோ, பாட்டியோ சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, 'தோத்திரம் சாமி' என்று வரவேற்பார். இன்று அதே நேரத்தில் அதே தெருவில் நடந்தால் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இப்படிப் பூட்டிய வீடொன்றின் முன் நமக்கு முன்னரே வேறொருவர் காத்து நின்றார். வயது 22 அல்லது 23 இருக்கும். முதுகில் பெரிய பை, மழையில் நனைந்த சட்டை, காதில் கைப்பேசி. நம்மைக் கண்டதும், "ஃபாதர், இந்த வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க? ரெண்டு நாளா வந்து வந்து திரும்பிப் போறேன்" என்றார். "அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாமும் வந்தோம், தம்பி" என்றோம். இருவருமே சிரித்தோம். எனினும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

இணையவழிக் கொள்முதல் ஏன் இவ்வளவு விரைவாக வளர்ந்தது என்று கேட்டால், கைப்பேசி மலிந்துவிட்டது என்பார் ஒருவர். விலை குறைவு என்பார் மற்றொருவர். மக்களுக்குச் சோம்பல் மிகுந்துவிட்டது என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் போகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. இக்கேள்விக்கான விடையை ஆண்டுக் கணக்கோடும் புள்ளிவிவரத்தோடும் காணக்கூடிய நாடு ஜப்பான். ஆகவே வாசகர்களைச் சிறிது நேரம் அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பது ஜப்பானியருக்குப் புதிதன்று. அரிசிக் கடைக்காரரும், அரிசி மதுவும் சோயா ரசமும் விற்கும் கடைக்காரரும் தம் பையன்களைச் சமையலறைக் கதவுவரை அனுப்பி, 'இன்று என்ன வேண்டும்?' என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் செய்வது பழைய வழக்கம். நம் ஊரில் மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பிய காலத்தை நினைவுகூருவோர்க்கு இது எளிதில் விளங்கும். இம்முறை நடைபெற ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: கதவைத் திறக்க வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். கணவர் காலையில் அலுவலகம் சென்று இரவில் திரும்புவார்; மனைவி இல்லத்திலிருப்பார். இந்த ஏற்பாட்டின்மேல்தான் அந்த வாணிபம் நின்றது.

இதே ஏற்பாட்டின்மேல் மற்றொன்றும் வளர்ந்தது. ஜப்பானில் 'சேய்க்யோ' எனப்படும் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் மிகவும் வலிமையானவை. 1970-களில் இச்சங்கங்கள் 'ஹான்' என்னும் சிறு குழுக்களின் வாயிலாகப் பெருவளர்ச்சி கண்டன. அண்டை அயலிலுள்ள 5 முதல் 10 குடும்பங்கள் ஒரு ஹான். வாரம் ஒருமுறை சங்கத்தின் வண்டி வந்து பால், முட்டை, காய்கறி, மீன் ஆகியவற்றை ஓரிடத்தில் இறக்கிவிட்டுப் போகும். பெண்கள் கூடி அவற்றை வீடுவாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். அடுத்த வாரத்திற்கான கேட்புத்தாளையும் நிரப்பிக் கொடுப்பார்கள். பால் தூய்மையானதா, காய்கறிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்ற பேச்செல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கும். பிள்ளைகள் சுற்றி விளையாடும். பொருள் வாங்குவதோடு அயலாரை அறிவதும் அங்கு ஒருசேர நடந்தது. நம் பங்கின் அன்பியக் கூட்டங்களைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமாக இராது.

பிறகு என்ன நேர்ந்தது? 1980-ஆம் ஆண்டில் கணவர் சம்பளத்திற்குச் செல்ல மனைவி இல்லத்திலிருந்த குடும்பங்கள் ஜப்பானில் 1 கோடியே 11 லட்சம். கணவன் மனைவி இருவரும் சம்பளத்திற்குச் சென்றவை ஏறத்தாழ 61 லட்சம். 1990-களில் இவ்விரு எண்களும் சமமாகிப் பின்னர் இடம் மாறின. 2022-இல் இருவரும் உழைக்கும் குடும்பங்கள் சுமார் 1 கோடியே 26 லட்சம். மற்றவை 54 லட்சமாகச் சுருங்கிவிட்டன. வேலைக்குச் சென்ற மனைவியரில் பெரும்பகுதியினர் பகுதிநேர ஊழியர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், பகுதிநேரம் என்றாலும் வண்டி வரும் நேரத்தில் அவர் வீட்டில் இல்லை என்பதுதானே உண்மை!

ஹான் குழுக்கள் தளர்ந்தன. செவ்வாய்க்கிழமை 11 மணிக்குப் பால் வந்து இறங்கினால் பிரித்தெடுக்க ஆள் யார்? எஞ்சியிருந்த இரண்டொரு பெண்கள்மீது வேலைக்குச் சென்றவர்களின் பங்கும் சுமையாக விழுந்தது. பிறர்க்குத் தொல்லை கொடுக்கிறோமே என்ற கூச்சத்தால் பலர் விலகினர். 1990-களில் கூட்டுறவுச் சங்கங்கள் வேறு வழியின்றி ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனியே கொண்டுசென்று கொடுக்கத் தொடங்கின. 2000-களில் அத்தனி விநியோகம் குழுக் கொள்முதலை விஞ்சிவிட்டது. நுரைப்பெட்டியில் பனிக்கட்டியிட்டு வாசலில் வைத்துச் சென்றுவிடுவார்கள். கேட்புத்தாள் எழுதும் வேலையும் பலருக்குக் கணினிக்கும் பின்னர் கைப்பேசிக்கும் மாறிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கணினி வந்து ஹான் குழுவைக் கலைக்கவில்லை. வீடு பகலில் காலியாயிற்று, குழு கலைந்தது, அந்த வெற்றிடத்தில்தான் கணினி வந்து அமர்ந்தது.

இதற்கான பாதையை முன்னரே போட்டுவைத்தவர் ஒகுரா மசாவோ என்னும் யமாத்தோ நிறுவனத் தலைவர். 1976-க்கு முன்னர் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்திற்குச் சிப்பம் அனுப்ப வேண்டுமானால் அஞ்சலகத்திற்கோ இரயில் நிலையத்திற்கோ தாமே சுமந்து செல்லவேண்டும், கயிறு கட்டவேண்டும், சீட்டு மாட்டவேண்டும். பெரிய வாடிக்கையாளர்களின் சரக்கையே லாரி நிறுவனங்கள் நாடியிருந்த காலத்தில், ஒகுரா இல்லத்தரசிகளை வாடிக்கையாளர்களாகக் கருதினார். 1976 ஜனவரியில் 'தக்யூபின்' என்னும் சேவை தொடங்கிய முதல் நாளில் கிடைத்தவை வெறும் 11 சிப்பங்கள். 1988-இல் குளிரூட்டிய வண்டிகள் நாடெங்கும் ஓடலாயின. 1998-இல் இன்ன நேரத்திற்குள் கொண்டு வருக என்று வாங்குவோரே குறிப்பிடும் வசதி வந்தது. மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1997-இல் 13 கடைகளுடன் 'ராக்குடென்' இணையச் சந்தையும், 2000-இல் நூல்களை மட்டும் விற்றுக்கொண்டு அமேசானும் அந்நாட்டில் கால்வைத்தபோது, வண்டியும் ஓட்டுநரும் நேரப் பட்டியலும் அவற்றிற்காக ஆயத்தமாகக் காத்திருந்தன.

இங்கே ஒரு வினா எழுகிறது. வீட்டு வேலைகள் நூறு இருக்க, கடைக்குப் போகும் வேலை மட்டும் ஏன் இப்படிப் பணம் கொடுத்து வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது? குழந்தைக்குச் சோறூட்டுவதை ஒப்படைக்க முடியாது. நோயுற்ற மாமியாருக்குப் பக்கத்தில் அமர்வதை ஒப்படைக்க முடியாது. துவைத்த துணியை மடித்து வைக்க எந்த நிறுவனமும் வருவதில்லை. கடைக்குச் செல்வது ஒன்றுதான் எளிதில் பிரித்தெடுக்கத்தக்க வேலை. ஆனால் அதை வெளியாருக்குக் கொடுப்பதற்கு முன்னர் வீட்டிற்குள்ளேயே கொடுத்திருக்கலாம் அன்றோ? இதைத்தான் நாம் சற்று அழுத்திக் கூற விரும்புகிறோம். 2021-இல் ஜப்பான் அரசு எடுத்த நேரக் கணக்கின்படி, 6 வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள குடும்பங்களில் வீட்டுவேலைக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக மனைவி நாளொன்றுக்கு 7 மணி 28 நிமிடம் செலவிடுகிறார். கணவர் செலவிடுவது 1 மணி 54 நிமிடம். மனைவியின் வேலைநேரம் மாறிய அளவுக்கு வீட்டின் வேலைப் பங்கீடு மாறவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே விழுந்த பள்ளத்தில்தான் இணையக் கடைகள் செழித்தன. கணவர் தூக்காத பையை மற்றொருவர் தூக்கி வருகிறார், அவ்வளவுதான்.

கணவர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஜப்பானில் அலுவலகம் ஆண்மகனை இரவு 9 மணிவரை விடுவதில்லை என்பது உலகறிந்தது. அவரும் கட்டுண்டவரே. ஆயினும் வீட்டில் ஒருவரின் நேரம் குறைந்தால் அந்த வேலை எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவரின் தோளில் போய் இறங்கியே தீரும் என்பதை மறந்துவிடலாகாது.

அந்தத் தோள் யாருடையது? பூட்டிய வீட்டுக்கு வருவோம்.

பகலில் எவருமில்லா வீட்டிற்குச் சிப்பம் வருகிறது. ஓட்டுநர் மணியை அழுத்துகிறார், விடையில்லை. 'வந்தோம், தாங்கள் இல்லை' என்றொரு சீட்டை அஞ்சல் பெட்டியில் செருகிவிட்டுச் சிப்பத்தைத் திரும்ப எடுத்துச் செல்கிறார். இரவில் மீண்டும் வருகிறார்; சிலவேளை மறுநாளும் வருகிறார். இதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. ஜப்பானின் போக்குவரத்து அமைச்சகம் 2015-இல் இக்கணக்கை வெளியிட்டபோது அந்நாடே திகைத்தது. சிப்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வாறு மீண்டும் கொண்டுசெல்லப்படுகிறது. இதனால் ஆண்டுக்கு வீணாகும் உழைப்பு சுமார் 18 கோடி மணிநேரம். அது 90,000 ஓட்டுநர்களின் முழு ஆண்டு உழைப்புக்குச் சமம்! ஒரு நகரத்து ஆண்மக்கள் அனைவரும் ஆண்டு முழுவதும் பூட்டிய கதவுகளுக்கு முன்னே நின்று திரும்பியது போலாகும்.

இதற்குக் காரணம் வீட்டாரின் வேலைமுறையே என்பதற்குச் சான்று வேண்டுமானால் 2020-ஐப் பாருங்கள். 2019 அக்டோபரில் இவ்வாறு திரும்பிய சிப்பங்கள் நூற்றுக்கு 15. கொரோனா நோயின் காரணமாக மக்கள் வீட்டிலேயே தங்கிய 2020 ஏப்ரலில் அது நூற்றுக்கு 8.5 ஆகக் குறைந்தது. மக்கள் வீட்டிற்குத் திரும்பினார்கள், கதவுகள் திறந்தன, அவ்வளவே. அதன் பின்னர், வாசலில் வைத்துச் செல்லும் முறை பரவியும், வீட்டிலிருந்தே வேலை செய்வோர் சிலர் அப்படியே தொடர்ந்தும், அவ்வெண் நூற்றுக்கு 11, 12 என்ற அளவில் நின்றது. ஆனால் ஆண்டொன்றுக்குச் செல்லும் சிப்பங்களோ 2016-இல் 400 கோடியாக இருந்து 2022-இல் 500 கோடியாகிவிட்டன. விழுக்காடு குறைந்தாலும் மலை உயர்ந்துகொண்டே போகிறது.

சிப்பம் சுமப்பவருக்கும் ஒரு வீடு உண்டு. வாங்குவோர் விரும்பித் தேர்ந்தெடுப்பது மாலை 7 மணி முதல் 9 மணிவரை. அந்நேரந்தான் அவருடைய பிள்ளைகள் உணவருந்திப் படுக்கைக்குச் செல்லும் நேரம். ஒரு தாய்க்குக் கிடைத்த ஒரு மணிநேரம் இன்னொரு வீட்டுத் தந்தையின் இரவுணவிலிருந்து எடுக்கப்பட்டது. 2017-இல் இது வெளிப்படையாக வெடித்தது. யமாத்தோ நிறுவனத்தின் தொழிற்சங்கம், ஊதிய உயர்வோடு, 'சிப்பங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள்' என்றும் கேட்டது. தொழிலாளர் தம் முதலாளியிடம் வியாபாரத்தைக் குறைக்கும்படி கேட்டதை நாம் வேறெங்கும் அதிகம் கேள்விப்பட்டதில்லை. ஏறத்தாழ 47,000 ஊழியர்களுக்கு மிகைநேர ஊதியம் கொடுபடாமல் இருந்ததை நிறுவனமே கண்டறிந்து ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஜூனில் பகல் 12 முதல் 2 மணி வரையிலான விநியோக நேரம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஓட்டுநர்கள் உட்கார்ந்து பகலுணவு உண்ண வேண்டுமென்பதற்காக! அக்டோபரில் கட்டணமும், 27 ஆண்டுகளில் முதன்முறையாக, உயர்த்தப்பட்டது.

2024 ஏப்ரல் முதல் அந்நாட்டுச் சட்டம் லாரி ஓட்டுநர்களின் மிகைநேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி என்று எல்லை வகுத்துள்ளது. பிற தொழிலாளர்க்கு உச்ச எல்லை 720 என்பதை நோக்கினால், ஓட்டுநருக்கு வந்தது பாதி விடுதலைதான்.

நமது நாட்டிற்குத் திரும்புவோம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். விடியற்காலை 5 மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுவனப் பேருந்துக்காக வரிசையில் நிற்கும் நம் பெண்பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இந்த எண் வியப்பளிக்காது. மையஅரசின் 2024-ஆம் ஆண்டு நேரக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். 2019-இல் இவை முறையே 299, 97. பெண்ணின் சுமை 10 நிமிடம் குறைந்தது என்று மகிழலாமென்றால், ஆணும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்!

ஜப்பானில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் நடந்தது இங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே நேரப் பட்டியல். இங்கே நகரங்களில் பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு. அங்கே ஓட்டுநர்களில் பலர் சங்கம் உள்ள நிரந்தர ஊழியர். இங்கே நம் இளைஞர் தம் சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில், சிப்பத்திற்கு இவ்வளவு என்று ஓடுகிறார். இத்தகைய செயலிவழித் தொழில்களில் 2020–21-இல் நாடெங்கும் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் மதிப்பிட்டுள்ளது. 2023-இல் தமிழ்நாடு அரசு இவர்களுக்கென நலவாரியம் ஒன்றை அமைத்தது. பங்கிலுள்ள எத்தனை இளைஞர்கள் அதில் பெயர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று இளைஞர் கூட்டத்தில் வினவினோம். இருந்த 14 பேரில் 5 பேர் இவ்வேலை செய்பவர்கள். பதிவு செய்திருந்தவர் ஒருவர். மற்ற நால்வரின் தாள்களையும் மரியாயின் சேனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் நிரப்பிக் கொடுத்தார்.

மழையில் நின்ற அந்த இளைஞரின் சிப்பத்தை அன்று நாமே வாங்கிக்கொண்டோம். உள்ளே ஒரு குழந்தையின் பள்ளிக் காலணி. வீட்டார் இரவு 8 மணிக்கு வந்து பெற்றுச் சென்றனர். அதிலிருந்து அத்தெருவில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பகலில் ஆளில்லாத வீடுகளின் சிப்பங்கள் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்து சேருகின்றன. கோயில்பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டுப் பெயரையும் நேரத்தையும் எழுதி வைக்கிறார். அவருக்கு இது கூடுதல் வேலைதான், கேட்டால் முணுமுணுக்கவும் செய்வார். மதம் பார்ப்பதில்லை, தெருமுனையிலுள்ள இஸ்லாமியக் குடும்பத்தின் சிப்பங்களும் அங்கேதான். 'சாமி, அஞ்சலகமா நடத்துகிறீர்கள்?' என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நடத்தினால் என்ன?

ஒன்று மட்டும் நமக்கு உறுத்தலாக இருந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் நான்கு மாதங்களைப் புரட்டிப் பார்த்தோம். சிப்பத்தைப் பெற்றுச் சென்றவர்களின் கையொப்பங்கள் ஏறக்குறைய அனைத்தும் பெண்களுடையவை. ஆலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் திரும்பும் வழியில், தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வந்து நின்றவர்கள். இதை ஒரு ஞாயிறு திருப்பலியின் முடிவில், அறிவிப்புகளோடு அறிவிப்பாக, யார் பெயரையும் சொல்லாமல் வாசித்தோம். அடுத்த வாரம் மூன்று ஆண்கள் வந்தனர். அவர்களில் ஒருவர் சிப்பத்தைப் பெற்றுக்கொண்டு போனவர், பாதி வழியில் திரும்பி வந்து, "சாமி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு அவ கேட்டா என்ன சொல்லட்டும்? எனக்கே தெரியாதே" என்றார்.